ஸ்வால்பார்ட் கப்பல் பயணம்: அட்டவணையின் அடியில் இருக்கும் அந்த ஒரு வரி

ஸ்வால்பார்ட் தீவுகளைச் சுற்றும் கப்பல் பயணத்துக்குப் பணம் கட்டியதும் ஓர் அட்டவணை அனுப்புவார்கள். முதல் நாள் லாங்இயர்பியன், இரண்டாம் நாள் நி-ஓலெசுண்ட், மூன்றாம் நாள் மொனாக்கோ பனியாறு, நான்காம் நாள் 80 டிகிரி வடக்கைத் தாண்டி ஏழு தீவுகள், ஐந்தாம் நாள் ஹின்லோப்பன் நீரிணை என்று வரிசையாக இருக்கும். அதன் அடியில் சின்ன எழுத்தில், பனியையும் வானிலையையும் விலங்குகளையும் பொறுத்துத் திட்டம் மாறும் என்று ஒரு வரி வரும். படிக்க வேண்டிய வரி அதுதான். அதற்கு மேலே இருப்பதெல்லாம் உத்தேசம். அந்த வரியைப் புரிந்துகொண்டு போகிறவர்களுக்கு இந்தப் பயணம் வாழ்நாளுக்குப் போதும். புரியாமல் போகிறவர்கள் மூன்றாம் நாளே "சொன்ன இடத்துக்குக் கூட்டிப் போகவில்லை" என்று வழிகாட்டியிடம் சண்டைக்கு நிற்பார்கள்.

நார்வே நாட்டின் வட முனைக்கும் வட துருவத்துக்கும் ஏறத்தாழ நடுவில், 74 டிகிரிக்கும் 81 டிகிரிக்கும் இடையே கிடக்கிறது இந்தத் தீவுக்கூட்டம். பெரிய தீவின் பெயர் ஸ்பிட்ஸ்பெர்கன். வில்லெம் பாரன்ட்ஸ் என்ற டச்சு மாலுமி 1596இல் மேற்குக் கரையின் ஊசி ஊசியான மலைகளைப் பார்த்து வைத்த பெயர் அது. கூரான மலைகள் என்று பொருள். மக்கள் மூவாயிரத்தைச் சுற்றித்தான் இருப்பார்கள். அதிலும் பெரும்பாலோர் இருப்பது லாங்இயர்பியனில். ஊருக்கு ஊர் சாலை கிடையாது. கோடையில் எங்கே போவதானாலும் படகுதான் வழி. அதனால்தான் கப்பலிலேயே தங்கி, கப்பலிலேயே சாப்பிட்டு, நாளுக்கு இரண்டு முறை ரப்பர் படகில் கரையிறங்கும் இந்த ஏழெட்டு நாள் ஏற்பாடு.

எந்த மாதம் போவது என்பதை விலையைப் பார்த்து முடிவு செய்யாதீர்கள். மேற்குக் கரையை ஒட்டி அட்லாண்டிக்கின் வெதுவெதுப்பான நீரோட்டம் ஒன்று வடக்கே ஏறுகிறது. அதன் தயவில்தான் இவ்வளவு உயரமான அட்சரேகையிலும் மேற்குக் கரை கப்பலுக்குத் திறந்து கிடக்கிறது. கிழக்குக் கரைக்கு அந்தக் கொடுப்பினை இல்லை. அங்கே துருவத்துக் குளிர்நீர் இறங்குகிறது, கடற்பனியும் கூடவே இறங்குகிறது. மே கடைசியிலும் ஜூனிலும் மலைகளில் வெண்பனி நிறைந்திருக்கும், மலைகளுக்கு நடுவே நிலத்துக்குள் நீளும் கடல் கிளைகளான ஃபியோர்டுகளின் உள்மூலைகளில் கரையோடு ஒட்டிய பனித்தட்டு உடையாமல் இருக்கும். படம் எடுக்கிறவர்களுக்குப் பொன்னான காலம். ஆனால் வடக்கும் கிழக்கும் பெரும்பாலும் அடைத்துக் கிடக்கும். தீவை முழுக்கச் சுற்றி வரும் பயணத்துக்கு ஜூலை பின்பாதியும் ஆகஸ்டும்தான் நல்ல வாய்ப்பு. அப்போது கீழ்ச்சரிவுகளில் வெண்பனி கரைந்து, பாசியும் சின்னஞ்சிறு பூக்களும் தெரியும். ஆகஸ்ட் நடுவுக்குப் பிறகு பறவைப் பாறைகள் காலியாகிவிடும். லாங்இயர்பியனில் ஏப்ரல் 20 முதல் ஆகஸ்ட் 23 வரை சூரியன் மறைவதே இல்லை. கண்ணை மறைக்கும் துணிப்பட்டை ஒன்று கொண்டுபோங்கள். கப்பலின் திரை எவ்வளவு தடித்ததாக இருந்தாலும் ஓரத்தில் வெளிச்சம் கசியும்.

நார்வேயின் வானிலை ஆய்வு நிறுவனம் வார நாள்களில் கடற்பனி வரைபடம் ஒன்றை இணையத்தில் வெளியிடுகிறது. கிளம்புவதற்கு மூன்று வாரம் முன்பிருந்தே அதைத் தினமும் பார்க்கப் பழகுங்கள். நீலம் திறந்த கடல். வெளிர்பச்சை, பத்தில் ஒன்றிலிருந்து நான்கு பங்கு வரை பனி. மஞ்சள், நான்கிலிருந்து ஏழு. ஆரஞ்சு அதற்கும் மேல். சிவப்பு என்றால் பத்தில் ஒன்பதுக்கு மேல், கடல் மூடியே கிடக்கிறது என்று அர்த்தம். சாம்பல் நிறம் கரையோடு ஒட்டிய, நகராத பனி. ஹின்லோப்பன் நீரிணையில் சிவப்பும் ஆரஞ்சும் தெரிந்தால் உங்கள் அட்டவணையின் ஐந்தாம் நாளை மனதிலிருந்து இப்போதே எடுத்துவிடலாம். ஒருநாள் வடகாற்று போதும், நேற்று மஞ்சளாக இருந்த இடம் இன்று சிவப்பாகிவிடும். கப்பல்தலைவரும் பயணத் தலைவரும் காலையில் உட்கார்ந்து பார்ப்பது இதே வரைபடத்தைத்தான். அதே படத்தைப் பார்த்துவிட்டு வருகிறவருக்கு அவர்களுடைய முடிவு அதிர்ச்சியாக இருக்காது.

இனி விசா. இந்தியக் கடவுச்சீட்டு வைத்திருப்பவர்கள் ஏமாறுவது இங்கேதான். 1920இல் பாரிசில் கையெழுத்தான ஒப்பந்தத்தின்படி ஸ்வால்பார்ட் நார்வேயின் இறையாண்மைக்கு உட்பட்டது. ஆனால் அங்கே போக எந்த நாட்டவருக்கும் விசா தேவையில்லை. "விசா வேண்டாமாம்" என்று கேள்விப்பட்டு நிம்மதியாகிவிடக் கூடாது. விமானம் ஆஸ்லோ வழியாகத்தான் போகிறது, ஆஸ்லோவுக்கு ஷெங்கன் விசா, அதாவது ஐரோப்பாவின் பல நாடுகளுக்குப் பொதுவான விசா, வேண்டும். ஸ்வால்பார்டோ ஷெங்கன் பகுதிக்கு வெளியே இருக்கிறது. ஆக, ஆஸ்லோவிலோ வட நார்வேயில் இருக்கும் ட்ரோம்சோவிலோ கடவுச்சீட்டைக் காட்டி வெளியேறும்போது நீங்கள் ஷெங்கனை விட்டுப் போய்விட்டதாகவே கணக்கு. திரும்பி வரும்போது அது இரண்டாவது நுழைவு. ஒருமுறை நுழைவு விசாவோடு போனால் திரும்ப வழியில்லை. விண்ணப்பத்தில் இரண்டு நுழைவு அல்லது பல நுழைவு என்று கேளுங்கள். கப்பல் முன்பதிவுச் சான்றைச் சேர்த்து, ஸ்வால்பார்ட் போய்த் திரும்புவதை முகப்புக் கடிதத்தில் எழுதுங்கள். விசா கைக்கு வந்ததும் நுழைவு எண்ணிக்கை என்ற கட்டத்தை முதலில் பாருங்கள், தேதிகளைப் பிறகு பார்க்கலாம். கப்பல் கிரீன்லாந்துக்கும் போவதாக இருந்தால், கிரீன்லாந்துக்குச் செல்லும் என்று தனியாகக் குறித்த அனுமதியும் வேண்டும். சாதாரண ஷெங்கன் விசா அங்கே செல்லாது.

கப்பல் கிளம்புவதற்கு ஒருநாள் முன்பே லாங்இயர்பியன் போய்ச் சேருங்கள். சென்னையிலிருந்து இரண்டு மூன்று விமானம் மாறி வரும்போது பெட்டி பின்தங்குவது நடக்கிற காரியம். கப்பல் உங்கள் பெட்டிக்காகக் காத்திருக்காது, நடுவழியில் அதைக் கொண்டுவந்து கொடுக்கவும் ஆளில்லை. அன்றாட மருந்து முழுவதும், ஒருநாளைக்கான குளிராடை, கண்ணாடி, கேமரா பேட்டரிகள் ஆகியவை கைப்பையில் இருக்கட்டும். காப்பீட்டில் அவசர மருத்துவ மீட்பு, அதுவும் துருவப் பகுதிக் கடல் பயணத்துக்குச் செல்லும்படி, எழுத்தில் இருக்கிறதா என்று பாருங்கள். லாங்இயர்பியனில் இருப்பது சிறிய மருத்துவமனை. நிலைமை மோசமானால் ட்ரோம்சோவுக்குத்தான் விமானத்தில் கொண்டுபோவார்கள்.

அந்த ஒருநாளில் ஊரைச் சுற்றலாம். ஊர் எல்லையில் பனிக்கரடிப் படம் போட்ட எச்சரிக்கைப் பலகை நிற்கும். அதைத் தாண்டித் துப்பாக்கி ஏந்திய வழிகாட்டி இல்லாமல் போகாதீர்கள். அருங்காட்சியகத்திலும் பல விடுதிகளிலும் வாசலில் செருப்பைக் கழற்றச் சொல்வார்கள். நிலக்கரிச் சுரங்கக் காலத்தில் கரித்தூசி வீட்டுக்குள் வராமல் இருக்க வந்த பழக்கம். நமக்கு இதில் புதிதாக ஒன்றுமில்லை. ஆலா என்னும் கடற்பறவை கூடு கட்டியிருக்கும் இடத்துக்குப் பக்கத்தில் போனால் தலையில் கொத்த வரும். அது தாக்குவது இருப்பதில் உயரமான இடத்தை. கையையோ ஒரு குச்சியையோ தலைக்கு மேல் உயர்த்திப் பிடித்துக்கொண்டு, வந்த வழியே விலகிவிடுங்கள்.

உடுப்பு விஷயத்தில் நம்மவர்கள் செய்யும் தவறு, தடித்த ஜாக்கெட் ஒன்றை வாங்கிவிட்டால் போதும் என்று நினைப்பது. ஜூலையில் வெப்பநிலை பெரும்பாலும் 3 டிகிரியிலிருந்து 7 டிகிரிக்குள் நிற்கும். கேட்க அவ்வளவு பயங்கரமாக இல்லை. ஆனால் ஓடும் படகில் காற்றும் கடல்நீரும் சேர்ந்து முகத்தில் அடிக்கும்போது உடம்பு உணர்வது வேறு. உடலை ஒட்டி மெரினோ கம்பளி அல்லது செயற்கை இழை உள்ளாடை, அதன்மேல் ஃப்ளீஸ், அதன்மேல் காற்றும் தண்ணீரும் புகாத மேலுடை என்று மூன்று அடுக்கு வேண்டும். பருத்தி கூடாது. வியர்வையை உறிஞ்சி வைத்துக்கொண்டு காய மறுக்கும், உடல் சூட்டை உருவிவிடும். பனியனும் பருத்திக் காலுறையும் அறையிலேயே இருக்கட்டும். பல கப்பல்களில் மேல்ஜாக்கெட்டும் ரப்பர் பூட்சும் தருவார்கள். தண்ணீர் புகாத கால்சட்டையைத் தருவது அரிது, ஆனால் அது இல்லாமல் படகில் ஏறவே விடமாட்டார்கள். மறக்கிற பொருள் அதுதான்.

அணியும் வரிசைக்கும் ஒரு முறை இருக்கிறது. முதலில் கழிப்பறைக்குப் போய் வாருங்கள்; கரையில் அதற்கு வசதி கிடையாது. பிறகு உள்ளாடை, ஃப்ளீஸ், பூட்ஸ். தண்ணீர் புகாத கால்சட்டையின் கீழ்ப்பகுதி பூட்சுக்கு வெளியே தொங்க வேண்டும். உள்ளே செருகினால் கால்சட்டையில் வழியும் கடல்நீர் நேரே பூட்சுக்குள் இறங்கி, மீதி மூன்று மணி நேரமும் ஈரக் காலோடு நிற்க வேண்டி வரும். அடுத்து ஜாக்கெட், அதன்மேல் உயிர்காப்பு உடை. கையுறை கடைசியில். முன்னதாகப் போட்டுவிட்டால் எந்த ஜிப்பையும் இழுக்க முடியாது. கால் குளிரும் என்று இரண்டு மூன்று காலுறைகளைத் திணிப்பவர்களுக்குத்தான் முதலில் விரல் மரக்கும். பூட்ஸ் இறுகி ரத்தம் ஓடாமல் போவதே காரணம். மெல்லியது ஒன்று, கம்பளி ஒன்று, விரலை ஆட்ட இடம் இருக்க வேண்டும். கைக்கும் அப்படியே: உள்ளே மெல்லிய கையுறை, மேலே விரல்கள் சேர்ந்த தடித்த உறை. படம் எடுக்க மேலுறையை மட்டும் கழற்றலாம். நடக்கும்போது உடம்பு சூடாகும்; வியர்க்கும் முன்பே ஒரு அடுக்கைக் கழற்றிப் பையில் வையுங்கள். ஏறும்போது வியர்த்தவர், திரும்பும் படகில் நடுங்குவார்.

ஜோடியாக் என்று எல்லோரும் சொல்லும் அந்த ரப்பர் படகில் பத்துப் பேர் வரை ஏற்றுவார்கள். கப்பலின் பக்கவாட்டுப் படியில் இறங்கும்போது இரண்டு கையும் காலியாக இருக்க வேண்டும். கேமரா கழுத்தில் தொங்கக் கூடாது, பையின் உள்ளே இருக்கட்டும். படகோட்டி கை நீட்டுவார். அவர் உள்ளங்கையைப் பிடிக்காதீர்கள். அவருடைய மணிக்கட்டுக்கு மேலே முன்கையை நீங்கள் பிடிக்க வேண்டும், உங்கள் முன்கையை அவர் பிடிப்பார். ஒருவர் கை வழுக்கினாலும் மற்றவர் பிடி நிற்கும். கால் வைக்க அவர் சொல்லும்வரை காத்திருங்கள். அலை படகைத் தூக்கி மேலே கொண்டுவரும் அந்தக் கணத்தில் ஒரு கால் ரப்பர் விளிம்பில், அடுத்த கால் படகின் தரையில், உடனே உட்கார்ந்து நகர வேண்டியதுதான். தயங்கி ஒரு கால் படியிலும் ஒரு கால் படகிலுமாக நிற்பதுதான் ஆபத்து. இரண்டும் தனித்தனியே ஏறி இறங்குபவை. கரையில் இறங்குவது பெரும்பாலும் முழங்கால் கீழ்வரை தண்ணீரில்தான். உட்கார்ந்தபடியே நகர்ந்து முன்பக்கம் வந்து, இரண்டு காலையும் வெளியே போட்டு, அலை பின்வாங்கும்போது இறங்குங்கள். குதிக்கக் கூடாது. கப்பலை விட்டு இறங்கும்போது உங்கள் எண்ணைப் பலகையில் திருப்பிவிட்டோ அட்டையைத் தேய்த்துவிட்டோ போக வேண்டும், ஏறியதும் மறுபடி. ஒரே ஒருவர் இதை மறந்தால் கப்பல் நங்கூரத்தை எடுக்காது, அவரைத் தேடிக்கொண்டிருக்கும்.

உங்களுக்கு முன்பே ஒரு படகு கரைக்குப் போயிருக்கும். வழிகாட்டிகள் துப்பாக்கியோடு இறங்கி, மேடுகளில் ஏறி, பள்ளங்களையும் பாறை மறைவுகளையும் தொலைநோக்கியால் துழாவுவார்கள். தூங்கும் கரடி மஞ்சளாகப் போன ஒரு பாறை போலத்தான் தெரியும். பனியின் தூய வெள்ளைக்குப் பக்கத்தில் கரடியின் நிறம் பால்வெள்ளை இல்லை, பழைய தந்தத்தின் நிறம். நீங்களும் பார்க்கும்போது வெள்ளையைத் தேடாதீர்கள், வெள்ளைக்கு நடுவில் லேசான மஞ்சளைத் தேடுங்கள். சுற்றிலும் கரடி இல்லை என்று ஒவ்வொரு வழிகாட்டியும் வானொலியில் சொன்ன பிறகே முதல் பயணி இறங்குவார். மூடுபனி வந்தால் இறக்கம் ரத்தாவது இதனால்தான். படகுக்கு வழி தெரியாது என்று பலர் நினைக்கிறார்கள். படகில் திசைகாட்டும் கருவி உண்டு, வழி தெரியும். கரடி எங்கே இருக்கிறது என்பதுதான் தெரியாது. கண்ணுக்கு எட்டும் தூரம் சுருங்கினால், கரடியைக் கண்டு எல்லோரையும் படகில் ஏற்றக் கிடைக்கும் நேரமும் சுருங்கும். ஏற்கெனவே கரையில் இருக்கும்போது கரடி தென்பட்டாலும் முதல் வேலை பின்வாங்குவதுதான். அதைச் சுட நேர்வது வழிகாட்டியின் தோல்வி, நல்ல வழிகாட்டிகள் அதை அப்படித்தான் எடுத்துக்கொள்கிறார்கள். கூட்டத்தை விட்டு நாலடி விலகிப் படம் எடுக்கிறவர், அவர்களை அந்தத் தோல்விப் பக்கம் தள்ளுகிறார்.

ஸ்வால்பார்டில் மனிதரைவிடக் கரடி அதிகம், மூவாயிரம் கரடி இருக்கிறது என்று எல்லா இடத்திலும் எழுதியிருக்கும். அந்த மூவாயிரம் என்ற கணக்கு ரஷ்யப் பகுதியும் சேர்ந்த பாரன்ட்ஸ் கடல் முழுவதற்குமானது. ஸ்வால்பார்டிலேயே தங்கி வாழ்பவை முந்நூறைச் சுற்றித்தான். ஆகவே எட்டு நாளில் ஒரு கரடியைக்கூடப் பார்க்காமல் திரும்புவதும் நடக்கும்.

2025 ஜனவரி 1 முதல் விதிகள் கடுமையாகிவிட்டன. பழைய பயணக் குறிப்புகளையும் படங்களையும் வைத்துக் கற்பனை செய்யாதீர்கள். கரடியிடமிருந்து 300 மீட்டர் தள்ளியே இருக்க வேண்டும். மார்ச் 1 முதல் ஜூன் 30 வரை அது 500 மீட்டர். கரடி தானாக நெருங்கி வந்தால் கப்பல்தான் விலக வேண்டும். 300 மீட்டரில் கைப்பேசிக் கேமராவில் தெரிவது ஒரு மஞ்சள் புள்ளி. 8 மடங்கு பெரிதாக்கும், 42 மில்லிமீட்டர் விட்டமுள்ள தொலைநோக்கி ஒன்று ஆளுக்கு ஒன்றாகக் கொண்டுபோனால் இந்தப் பயணத்தின் பாதி கைக்கு வந்த மாதிரி. கணவன் மனைவிக்கு நடுவில் ஒன்று என்றால், ஒருவர் பார்ப்பதற்குள் திமிங்கிலம் மூழ்கிவிடும். கேமரா வைத்திருப்பவர்கள் 400 மில்லிமீட்டர் வரை எட்டும் லென்ஸ் எடுத்துக்கொள்ளலாம். முக்காலி வேண்டாம், கப்பல்தளத்தின் அதிர்வில் அது உதவாது. வெளியிலிருந்து அறைக்குள் வந்ததும் கேமராவை எடுக்காமல் பைக்குள்ளேயே ஒரு மணி நேரம் விட்டுவையுங்கள். இல்லையென்றால் லென்சின் உள்ளே நீர் கோத்துவிடும்.

அதே விதிகளின்படி, பாதுகாக்கப்பட்ட பகுதிகளில் 200 பயணிகளுக்கு மேல் ஏற்றிய கப்பல் போக முடியாது. நிலப்பரப்பில் 65 விழுக்காடு பாதுகாக்கப்பட்ட பகுதி என்பதால் இது சின்ன விஷயமில்லை. அந்தப் பகுதிகளுக்குள் கரையிறங்கக் குறிக்கப்பட்ட இடங்கள் 43 மட்டும். அங்கே டிரோன் பறக்கவிடவும் தடை. கப்பலைத் தேர்ந்தெடுக்கும்போது பயணிகள் எண்ணிக்கையைத்தான் முதலில் கேட்க வேண்டும். நூறு பேருக்குள் என்றால் எல்லோரும் ஏறக்குறைய ஒன்றாக இறங்கலாம். எண்ணிக்கை கூடக்கூட முறை வைத்து இறக்குவார்கள், கரையில் உங்கள் நேரம் குறையும். பால்கனி அறைக்குக் கூடுதல் பணம் கொடுப்பதைவிடச் சின்னக் கப்பலில் வட்ட ஜன்னல் அறை எடுப்பது மேல் என்பது என் தீர்க்கமான கருத்து. கீழ்த்தளத்தில், கப்பலின் நடுவாக்கில் இருக்கும் அறைதான் குறைவாக ஆடும், விலையும் குறைவு.

பனியாற்றின் முகப்பில் படகு நிற்கும் தூரத்தைப் பார்த்து "இன்னும் கொஞ்சம் பக்கத்தில் போகலாமே" என்று கேட்பார்கள். 200 மீட்டருக்குள் போகாமல் இருப்பது பொதுவான நடைமுறை. விழும் பனிக்கட்டியைவிட அது கிளப்பும் அலை மோசமானது. ஆழமான நீரில் அது படகைத் தூக்கி இறக்கிவிட்டுப் போய்விடும். அதே அலை ஆழமில்லாத கரைக்கு வந்ததும் எழும்பி உடையும். பனியாற்றுக்கு எதிர்க்கரையில் நிற்கும்போது தண்ணீரோரம் நிற்காதீர்கள் என்று வழிகாட்டி சொல்வது இதற்காகத்தான். எஞ்சினை அணைத்ததும் காதைத் தீட்டிக்கொள்ளுங்கள். சுற்றி மிதக்கும் பனித்துண்டுகளிலிருந்து அடுப்பில் கடுகு பொரிவது போல ஒரு சத்தம் வந்துகொண்டே இருக்கும். பல நூறாண்டுகளாக அழுத்தத்தில் அடைபட்டிருந்த காற்றுக் குமிழ்கள் உடையும் சத்தம் அது. யாரும் பேசாமல் ஐந்து நிமிடம் இருந்தால்தான் கேட்கும்.

வால்ரஸ் கூட்டத்தை நோக்கிக் கரையில் நடக்கும்போது வரிசையாக, மெதுவாக, காற்று அவற்றின் பக்கத்திலிருந்து நம் பக்கம் வீசும்படி போவார்கள். அந்த வாடையை நீங்கள் மறக்கமாட்டீர்கள். தலைகள் ஒவ்வொன்றாக நிமிர ஆரம்பித்தால் அதுதான் எல்லை, அங்கேயே நின்றுவிட வேண்டும். மிரண்டால் ஒன்றரை டன் எடையுள்ள ஆண்களும் ஒரே நேரத்தில் தண்ணீரை நோக்கிப் புரளும். கூட்டத்தில் குட்டி இருந்தால் நசுங்கிவிடும். இயந்திரப் படகுகள் அவை படுத்திருக்கும் கரைக்கு 150 மீட்டருக்குள் வரக் கூடாது என்ற விதி அதற்காகத்தான். 1952இல் பாதுகாப்புச் சட்டம் வந்தபோது வேட்டையால் இங்கே அநேகமாக அழிந்தே போயிருந்தன. இன்று கூட்டம் கூட்டமாகக் கிடப்பதைப் பார்க்கும்போது அந்தச் சட்டத்துக்கு ஒரு கும்பிடு போடத் தோன்றும். 80 டிகிரி கோட்டை ஒட்டிய மோஃபன் தீவுக்கு மே 15 முதல் செப்டம்பர் 15 வரை 300 மீட்டருக்குள் யாரும் நெருங்க முடியாது. கப்பல்தளத்தில் நின்றுதான் பார்ப்பீர்கள்.

ஹின்லோப்பன் திறந்திருந்தால் ஆல்கெஃப்யெலெட் பாறைதான் அந்த நாளின் உச்சம். கறுத்த எரிமலைப் பாறைத் தூண்கள் நூறு மீட்டர் செங்குத்தாக எழும், ஒவ்வொரு விளிம்பிலும் பிரூனிக் கில்லமாட் பறவைகள் தோளோடு தோள் ஒட்டி நிற்கும். சுமார் 60,000 ஜோடிகள். கூடு என்று ஒன்று கிடையாது. வெறும் பாறையில் ஒரே ஒரு முட்டை, ஒரு முனை கூம்பியது. ஜூலை கடைசியில் போனால், மூன்று வாரமே ஆன குஞ்சு, பறக்கும் சிறகு முளைக்கும் முன்பே பாறையிலிருந்து குதிப்பதைப் பார்க்கலாம். தந்தைப் பறவை கூடவே இறங்கும். கடலில் விழுந்தது பிழைத்தது. கரையில் விழுந்ததற்காக நரி காத்திருக்கும். இங்கே படகில் தொப்பியைக் கழற்றாதீர்கள், வாயைத் திறந்தபடி அண்ணாந்து பார்க்காதீர்கள். காரணம் சொல்ல வேண்டியதில்லை.

நி-ஓலெசுண்டில் நம்மவர்களுக்குத் தனியாக ஒரு காரணம் உண்டு. இந்தியாவின் ஹிமாத்ரி ஆய்வு நிலையம் 2008 முதல் அங்கே இருக்கிறது. ஊரை ஒட்டிய கோங்ஸ்ஃபியோர்டில் 2014இல் இறக்கப்பட்ட இண்டார்க் என்ற கடலடிக் கண்காணிப்புக் கருவித்தொகுதி, நம் பள்ளிக்கரணையில் இருக்கும் தேசியப் பெருங்கடல் தொழில்நுட்பக் கழகம் வடிவமைத்தது. நிலையத்துக்குள் போக அனுமதி இல்லை, வெளியிலிருந்து பார்க்கலாம். குறித்த பாதையை விட்டு இறங்கக் கூடாது. ஊரை நெருங்க 20 கிலோமீட்டர் இருக்கும்போதே வைஃபையும் புளூடூத்தும் அணைத்துவிடச் சொல்வார்கள். தொலைதூர வானிலிருந்து வரும் மிக நுண்ணிய வானொலி அலைகளை அளக்கும் கருவிகள் அங்கே இருக்கின்றன, ஒரு கைப்பேசியின் அலையே அவற்றைக் கெடுத்துவிடும். கைப்பேசியை அணைத்துவிட்டுக் கைக்கடிகாரத்தையும் காதொலிப்பானையும் கேமராவின் புளூடூத்தையும் மறந்துவிடுகிறார்கள். எல்லாவற்றையும் பாருங்கள். ஊர் ஓரத்தில் நிற்கும் இரும்புக் கோபுரம், 1926 மே 11இல் நார்வேயின் துருவ ஆய்வாளர் அமுண்ட்சென், இத்தாலியர் நோபிலே குழுவினர் துருவத்தை நோக்கிக் கிளம்பிய நோர்கே வான்கப்பலைக் கட்டி நிறுத்துவதற்காக எழுப்பியது.

1946க்கு முந்தைய மனிதத் தடயம் எதுவானாலும், துருப்பிடித்த ஆணி உட்பட, இங்கே சட்டப்படி பாதுகாக்கப்பட்டது. பழைய திமிங்கில வேட்டைக்காரர்கள் விட்டுப்போன எலும்புகளை வழிகாட்டி காட்டும்போது எலும்பைப் பார்த்துவிட்டு அதைச் சுற்றியும் பாருங்கள். வெறும் சரளைக்கல் வெளியில் அந்த எலும்பைச் சுற்றி மட்டும் ஒரு முழ அகலத்துக்குப் பாசி பச்சையாகப் படர்ந்திருக்கும். எலும்பிலிருந்து மெல்லக் கசியும் சத்துதான் அங்கே உரம். அந்தப் பாசியில் ஒரு காலடி பதிந்தால் மறையப் பல ஆண்டுகள் ஆகும். மானின் கொம்பு, கல், பூ எதையும் எடுக்க வேண்டாம். செத்த நரியையும் மானையும் தொடவே கூடாது, வெறிநோய் இருக்கக்கூடும். ஒவ்வொரு இறக்கத்துக்கு முன்னும் பின்னும் பூட்சைத் தேய்த்துக் கிருமிநாசினியில் முக்க வேண்டும். பயணத்துக்கு முன்பே வீட்டில் பையின் ஜிப்புகளிலும் ஒட்டுப்பட்டைகளிலும் மாட்டியிருக்கும் புல்விதைகளை ஊசியால் எடுத்துவிடுங்கள். கப்பலில் அதைச் சோதிப்பார்கள்.

சாப்பாட்டுக்குச் சைவம் என்பதை முன்பதிவின்போதே எழுத்தில் சொல்லுங்கள், முட்டை, மீன் பற்றித் தனியாகக் குறிப்பிடுங்கள். நடுக்கடலில் கடை கிடையாது, கிளம்பிய அன்று சொன்னால் சமையல்காரரால் ஒன்றும் செய்ய முடியாது. பருப்புப் பொடி, ஊறுகாய், எள்ளுப்பொடி கொண்டுபோகலாம். நெய்யும் பால்கோவாவும் வேண்டாம். ஐரோப்பாவுக்கு வெளியிலிருந்து பால், இறைச்சிப் பொருள்களை நார்வேக்குள் கொண்டுவரத் தடை. பொடிக்கு எண்ணெயே துணை.

ஃபியோர்டுகளுக்குள் கப்பல் அவ்வளவாக ஆடாது. வாயைத் தாண்டித் திறந்த கடலுக்கு வந்ததும், குறிப்பாக இரவில் வடக்கே ஏறும்போது ஆட்டம் தெரியும். குமட்டல் ஆரம்பித்த பிறகு மாத்திரை போட்டுப் பயனில்லை. திறந்த கடல் என்று அறிவித்ததும், ஒரு மணி நேரம் முன்பே போட்டுவிட வேண்டும். நம் ஊரில் கிடைக்கும் அவோமின் போன்றவை தூக்கம் வரவழைக்கும், படகில் ஏறும் நாளுக்கு முந்தின இரவே சரி. மற்ற மருந்து சாப்பிடுகிறவர்கள் மருத்துவரைக் கேட்டுவிட்டு வாங்குங்கள்.

கடைசியாக, இறக்கம் ரத்தான நாளில் என்ன செய்வது. அறைக்குள் போய்ப் படுத்துவிடாதீர்கள். பல கப்பல்களில் ஓட்டுமேடை பயணிகளுக்குத் திறந்திருக்கும். கதவருகே நின்று அனுமதி கேட்டு உள்ளே போங்கள், சத்தம் போடாமல் ஓரத்தில் நில்லுங்கள். பணியில் இருக்கும் அதிகாரிக்கு வேலை நெருக்கடி இல்லாத நேரத்தில் அன்றைய பனி வரைபடத்தைக் காட்டச் சொன்னால் மகிழ்ச்சியோடு காட்டுவார். மூன்று வாரமாக நீங்கள் பார்த்து வந்த அதே படம்தான். இப்போது அதில் உங்கள் கப்பலும் ஒரு சின்னக் குறியாக நகர்ந்துகொண்டிருக்கும். எந்த ஃபியோர்டை ஏன் விட்டார்கள், அதற்குப் பதில் எதைத் தேர்ந்தார்கள், காற்று எந்தப் பக்கம் திரும்பினால் நாளைக்கு எது திறக்கும் என்று ஒவ்வொன்றாகக் கேளுங்கள். கேட்டுக்கொண்டே ஜன்னல் வழியாகப் பனியின் ஓரத்தைப் பார்த்துக்கொண்டிருங்கள். அந்த லேசான மஞ்சளை, கப்பலில் இருக்கும் எல்லோருக்கும் முன்னால் பார்க்கிற வாய்ப்பு அந்த ஜன்னலில்தான் அதிகம்.